ஆறு டோலோ போடலாம்னு சொன்னது யாரு?

சரோஜம்_தக்கலை
நேத்து ராத்திரி எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புல ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்திச்சு. குழித்துறை பக்கம் மருந்துக்கடை வச்சிருக்க ஒருத்தராக்கும் பேசுகாரு, அவரு இங்கயும் உண்டு, அதனால நேராவே கேக்கேன். "டோலோ 650 ஒரு நாளைக்கு ஆறு வரை தைரியமா போடலாம், ஆறுக்கு 3900 மில்லிகிராம், லிமிட்டு 4000, கணக்கு சரி. பயப்பட வேண்டியது டிராமடால், மார்ஃபின்னு அபின் வகை வலி மருந்துதான், அத எழுதுக டாக்டர் பக்கமே போகாதீங்க." இதாக்கும் பேச்சு. டோலோ 650ன்னா 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரை. 31 வருஷம் சர்க்கார் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னல்ல நின்னவ நான், கேட்டதுல இருந்து உறக்கம் வரல்ல. ஆறு யாருக்கு? எத்தன கிலோ ஆளுக்கு? கூட வேற என்ன மாத்திரை திங்கான்னு கேட்டீங்களா? எனக்க கொழுந்தன் ரப்பர் பால் வெட்டுதவன், 42 கிலோ, சாயங்காலம் குடிக்காம வீட்டுக்கு வரமாட்டான், நடுவலின்னு ஒரு வாரம் இதே ஆறு டோலோ, கூட ஒரு டாக்டர் எழுதுன அசெக்ளோஃபினாக் கூட்டு மாத்திரை ரெண்டு நேரம். அந்தக் கூட்டு மாத்திரைக்குள்ளயும் 325 பாராசிட்டமால் கெடக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? 3900ம் 650ம் கூட்டுங்க, 4550. கண்ணு மஞ்சளாயி பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கெடந்துதான் பிழைச்சான்.

குழித்துறை_கடைக்காரன்
அக்கா, அந்த வாய்ஸ் நான்தான் போட்டேன், மறைக்கல்ல. ஆறு பெருக்கல் 650 எத்தன? 3900. நாலாயிரத்துக்கு உள்ளயா வெளியயா? அத மட்டும் சொல்லுங்க. உங்க கொழுந்தன் குடிச்சது நான் ஊத்திக் குடுத்ததில்ல, கூட்டு மாத்திரை எழுதுனதும் நான் இல்ல. நான் சொன்னது டோலோ ஆறு. வேற ஒண்ணு சேத்தா அது ஆறு இல்லல்லா.

சரோஜம்_தக்கலை
தம்பி, லிமிட்டுங்கது நல்லாத் தின்னு நல்லா இருக்க பெரிய ஆளுக்கு உள்ளது. 50 கிலோவுக்குக் கீழ உள்ளவனுக்கு ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல இல்ல. 42க்கு ஒரு வேளை 630, நாலு வேளைக்கு 2520. நாலு டோலோவே அதத் தாண்டிடும், நீங்க ஆறு சொல்லுகீங்க. ஈரல்ல இந்த மருந்து உடையும்போ கொஞ்சம் விஷமா மாறும், அத அடக்க குளுட்டாதையோன்னு ஒரு சரக்கு ஈரல்ல உண்டு, குடிச்சுக் குடிச்சு சோறு இறங்காம கெடக்கவனுக்கு அந்தச் சரக்கு தீந்து போயிருக்கும். இதுல கொடுமை என்னன்னா முதல் நாள் ஒண்ணும் தெரியாது, கொஞ்சம் ஓக்காளம் வரும், அவ்வளவுதான், "டோலோ ஒத்துக்கிடுச்சு"ன்னு மறுநாளும் போடுவான். மாத்து மருந்து அசிட்டைல் சிஸ்டைன் உண்டு, மொத்தமா முழுங்கிட்டு வந்தா எட்டு மணிக்கூறுக்குள்ள குடுத்தா நல்லாப் பிடிக்கும், ஆனா நாளு நாளா தின்னுட்டு மஞ்சளாயி வாறவன்கிட்ட எந்த மணிக்கூற எண்ணுகது?

குழித்துறை_கடைக்காரன்
தம்பின்னு கூப்பிடாதீங்க, எனக்கு 54 வயசு. டி.ஃபார்ம் படிச்சுட்டுத்தான் கடையில இருக்கேன். பதில் வரல்ல. 3900 நாலாயிரத்துக்கு உள்ளயா வெளியயா?

ரப்பர்வெட்டு_அருமனை
எனக்கு ஒரு சம்சயம். அப்பனுக்கு 68 வயசு, பிரஷருக்கு டெல்மிசார்ட்டன், கூட மூத்திரம் போக ஒரு மாத்திரை, மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் தினம் ரெண்டு கடையில வாங்கிப் போடுகாரு. கால் ரெண்டும் வீங்கி இருக்கு. டோலோவுக்கு மாத்தலாமா?

ஆசான்_மகன்
மாத்திரையே வேண்டாம் அண்ணே. வலிக்கு வர்மம் இருக்க மண்ணுல பிறந்துட்டு ஆறா நாலான்னு சண்ட போடுகீங்களே. எங்க அப்பா எத்தன வள்ளக்காரன் தோள நிமித்தி விட்டிருக்காருன்னு குளச்சல்ல கேட்டுப் பாருங்க. எண்ணெய், கட்டு, பத்தியம், அம்புட்டுதான். ஈரலும் போகாது கிட்னியும் போகாது.

சரோஜம்_தக்கலை
உழுக்குக்கு எண்ணெய் போடுகத நான் குறை சொல்லல்ல, எனக்க கால் பிசகுனப்போ நானும் ஆசான்கிட்டதான் போனேன். ஆனா வலிப் பொடின்னு பொட்டலம் கட்டி விக்கானுவளே, அதுல டெக்ஸாமெத்தசோன்னு ஒரு ஸ்டீராய்டு மருந்து கலக்குதவனும் உண்டு, அத ஆறு மாசம் தின்னுட்டு மொகம் வீங்கி சுகர் ஏறி வந்தவங்கள ஜன்னல்ல நான் பாத்திருக்கேன்.

ஆசான்_மகன்
எங்க வீட்டச் சொல்லுகீங்களா? நேரா சொல்லுங்க. போன வருஷம் எலும்பு ஒட்டு விவாதத்துலயும் இப்படித்தான் பேர் சொல்லாம குத்துனீங்க, நான் மறக்கல்ல.

சரோஜம்_தக்கலை
உங்க வீட்டச் சொல்லல்ல. குத்தவும் இல்ல. ஆறு டோலோ விஷயத்துக்கு வாங்க.

குவைத்_நர்ஸ்_கொல்லங்கோடு
கடைக்கார அண்ணே, டோலோவ விடுங்க, மார்ஃபின் எழுதுக டாக்டர்கிட்ட போகாதீங்கன்னு சொன்னீங்கல்லா, அதுக்கு நான் சண்டைக்கு வாறேன். நான் கேன்சர் வார்டுல ஒம்பது வருஷமா நிக்கேன். எங்க அப்பாவுக்கு வாய்ப் புற்று, நான் அப்போ பத்தாம் கிளாஸ். வீட்டுல சொந்தக்காரங்க எல்லாம் கூடி "மார்ஃபின் போட்டா பிறகு ஆள் எழும்பாது"ன்னு சொல்லி மாத்திரையத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அவரு தலைய சுவருல முட்டுகத நான் பாத்தேன். மூணு மாசம். இன்னைக்கு அந்த மாத்திரைய நான் கையில எடுத்துக் குடுக்கும்போது, அர மணிக்கூறு கழிஞ்சு ஒரு மனுஷன் சாஞ்சு உக்காந்து கஞ்சி கேக்கும்போது எனக்கு அப்பாதான் ஓர்மை வருவாரு. நீங்க ஒரு வாய்ஸ்ல சொல்லிட்டுப் போயிட்டீங்க, அதக் கேட்டு எந்த வீட்டுல மாத்திரையத் திருப்பிக் குடுக்காங்களோ.

குழித்துறை_கடைக்காரன்
மோளே, உங்க அப்பா காரியம் எனக்கு வருத்தம். ஆனா எனக்க கடைக்கு வந்து நின்னு பாருங்க. டிராமடால் வகை வலி மாத்திரை டேபென்டடால் வேணும்னு 19 வயசுப் பையன்மார் சீட்டில்லாம வாறானுவ, இல்லன்னு சொன்னா ஷட்டர்ல கல்லு விழுகு. அதப் பொடிச்சுக் கலக்கி ஊசியில ஏத்துகானுவ. டிராமடால் 2018ல போதைமருந்துச் சட்டத்துக்குள்ள வந்தபிறகு நான் அத வாங்கி வைக்கதையே நிறுத்தினேன், எச்1ன்னு கெடுபிடிப் பட்டியல்ல உள்ள மருந்து ஒவ்வொண்ணுக்கும் ரெஜிஸ்டர் எழுதி மூணு வருஷம் வைக்கணும், ஒரு வரி தப்புனா நான் கோர்ட்டுக்கு நடக்கணும். எழுதுக டாக்டருக்கு என்ன போச்சு? அதனாலதான் டோலோன்னு சொன்னேன். ஆறு. அதுல ஒருத்தனும் அடிமையாவ மாட்டான்.
இன்னொண்ணு. மார்ஃபின் நாலு மணிக்கூறுக்கு ஒருக்கா குடுக்கணும்னு நீங்க வார்டுல செய்யுகீங்கல்லா? ஒரு நாளைக்கு எத்தன வேளை ஆச்சு? ஆறு! டோலோ ஆறு தப்பு, மார்ஃபின் ஆறு சரி. நல்ல நியாயம்.

சரோஜம்_தக்கலை
மாத்திரை எண்ணிக்கையில ஆறையும் ஆறையும் ஒப்பிடுக ஆள்கிட்ட ஜனங்க மருந்து வாங்குதாங்களேன்னு மனசு பதறுது. சாதா மார்ஃபின் மாத்திரை நாலு மணிக்கூறுதான் நிக்கும், அதனால ஆறு வேளை. தொடக்கம் சின்ன அளவு, வலி கேக்கலன்னா கொஞ்சங் கொஞ்சமா ஏத்துகது, இடையில வலி பொத்துக்கிட்டு வந்தா அன்னைக்கு மொத்த அளவுல ஆறுல ஒரு பங்கு தனியாக் குடுக்கது. பாராசிட்டமாலுக்கு மேல ஒரு கூரை உண்டு, அதுக்கு மேல ஏத்துனா வலியும் குறையாது ஈரலும் போகும். புற்றுநோய் வலியில மார்ஃபினுக்கு அப்படி ஒரே கூரை கிடையாது, ஆளுக்கு ஆள் மாறும், கூடவே இருந்து பாத்துக் குடுக்கணும். கிட்னி கெட்டவனுக்கு அது உள்ள தங்கும், அங்க அளவக் குறைக்கணும் இல்ல வேற மருந்துக்கு மாத்தணும். கூட உறக்க மாத்திரை போட்டா, அல்ப்ராசோலம் மாதிரி, மூச்சு இறங்கும், அதுதான் உள்ளதுலயே பெரிய ஆபத்து, மாத்து மருந்து நலாக்சோன். மலம் கட்டும், அது நாள் போனாலும் மாறாது, அதனால முதல் நாள்லயே பேதி மருந்தும் சேத்து எழுதணும், எழுதாத டாக்டரோட நான் ஜன்னல்ல நின்னு சண்ட போட்டிருக்கேன். 1986ல உலக சுகாதார அமைப்பு மூணு படி சொல்லிச்சு, முதல் படி பாராசிட்டமால் வகை, ரெண்டாவது கோடீன் மாதிரி லேசானது, மூணாவது மார்ஃபின். முதல் படியிலயே ஆறு ஏழுன்னு குவிச்சுக்கிட்டு நிக்கவா படி கட்டுனாங்க?

குவைத்_நர்ஸ்_கொல்லங்கோடு
அக்கா சொன்னது சரி, ஆனா ஜன்னல்ல நின்னு டாக்டரோட சண்ட போட்டேன்னு சொல்லுகது கொஞ்சம் கூடுதல். ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு எண்ணுகது நர்ஸாக்கும், மருந்து ஜன்னல் அஞ்சு மணிக்கு அடைச்சுடும். டிராமடாலையும் நீங்க லேசா விட்டுட்டீங்க. வலிப்பு வரும், மனச்சோர்வு மாத்திரை திங்கவங்களுக்கு செரடோனின் ஏறி நடுங்கும். ஒருத்தருக்கு ஈரல் அத வேகமா மாத்தி மயக்கிடும், இன்னொருத்தருக்கு வேலையே செய்யாது. 2017ல அமெரிக்காவுல 12 வயசுக்குக் கீழ குடுக்கப்படாதுன்னு நிறுத்துனாங்க. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமுக்கு மேல இல்ல, 75 வயசு தாண்டுனா 300.

சரோஜம்_தக்கலை
ஜன்னல் அஞ்சு மணிக்கு அடைச்சதில்ல. எனக்கு நைட் டூட்டி உண்டு. தெரியாம பேசப்படாது.

குளச்சல்_வள்ளம்
திருவனந்தபுரத்துல டாக்டர் ராஜகோபால் தொடங்குன, தீராத நோயாளிகளுக்க வலியப் பாக்குத பாலியம் இந்தியா அமைப்பு 2003ல இருந்து இதத்தான சொல்லுகு. களியக்காவிளை எல்லை தாண்டி கேரளத்துக்குப் போனா மார்ஃபின் வீட்டுக்கே வருகு, இக்கரையில இருக்கவன் துடிக்கான். நம்ம நாட்டுல மத்தியப் பிரதேசத்துலயும் ராஜஸ்தான்லயும் சர்க்கார் லைசன்ஸ்ல அபின் விளைஞ்சு வெளிநாடு போகு. 1985 போதைமருந்துச் சட்டம் கெடுபிடி, 2014ல திருத்தி லேசாக்குனாங்க, பிறகும் பயம் மாறல்ல.

குழித்துறை_கடைக்காரன்
எதுக்கெடுத்தாலும் திருவனந்தபுரம். 1956ல நவம்பர் ஒண்ணாம் தேதி நம்ம கன்னியாகுமரி அங்க இருந்து தமிழ்நாட்டுப் பக்கம் பிரிஞ்சு வந்தாச்சு ஓய், இன்னும் அங்கயே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி? நெய்யூர்ல 1838லயே ஆஸ்பத்திரி வந்த ஊரு இது. எவரெஸ்ட் ஏறுன சோமர்வெல் டாக்டர் கத்தி பிடிச்ச மண்ணு.

குளச்சல்_வள்ளம்
அவரு உச்சி ஏறல்ல. 1924ல 28,000 அடி பக்கத்துல தொண்ட அடைச்சு நின்னுட்டாரு.

குழித்துறை_கடைக்காரன்
ஏறப் போனாருல்லா? அதச் சொன்னேன். உங்க வள்ளத்துல 28,000 அடி போவீங்களா?

ஆசான்_மகன்
வெள்ளக்காரன் வாறதுக்கு முன்னயே இங்க வர்ம ஏடு உண்டு. அதையும் எழுதுங்க.

ரப்பர்வெட்டு_அருமனை
அண்ணே அக்கா, எனக்க அப்பன் காரியம் யாரும் சொல்லல்ல. டைக்ளோஃபினாக்க நிறுத்தவா?

சரோஜம்_தக்கலை
மக்கா, உனக்குத்தான் முதல்ல சொல்லியிருக்கணும், சண்டையில விட்டுட்டேன். டெல்மிசார்ட்டன், மூத்திரம் போக மாத்திரை, டைக்ளோஃபினாக், மூணும் சேந்தா கிட்னிக்குக் கேடு. கிட்னிக்குள்ள ரத்தம் ஓடணும்னா ஒரு வழிய புரோஸ்டாகிளான்டின்னு உடம்புல உள்ள ஒரு சரக்கு திறந்து வைக்கும், டைக்ளோஃபினாக் அத அடைக்கும், பிரஷர் மாத்திரை இன்னொரு வழியத் தளத்தும், மூத்திர மாத்திரை தண்ணிய வடிக்கும். கால் வீக்கம் அதனாலயா வேற எதனாலயான்னு இங்க உக்காந்து நான் சொல்ல முடியாது. டைக்ளோஃபினாக்க இன்னைக்கே நிறுத்து, பிரஷர் மாத்திரைய நீயா நிறுத்தாத. சீட்டு, பட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு அப்பனக் கூட்டிட்டு இன்னைக்கே டாக்டரப் பாரு, கிட்னி எப்படி இருக்குன்னு அறிய ரத்தத்துல கிரியாட்டினின் பாக்கச் சொல்லு. இந்த வகை மருந்து நெஞ்சுக்கும் கேடு செய்யும், இதே வகை ரோஃபெகாக்சிப்ப 2004ல உலகம் முழுக்க கடையில இருந்து எடுத்தது மாரடைப்புக்காக்கும். இந்த டைக்ளோஃபினாக்க கடையில சீட்டில்லாமத் தூக்கிக் குடுத்தது யாரு? அவருக்கு மார்ஃபின் பயம் இருந்தா போதுமா?

குழித்துறை_கடைக்காரன்
அருமனையில நான் கடை வைக்கல்ல. எனக்க மேல ஏத்தாதீங்க. 31 வருஷம் நின்னேன்னு சொல்லுகீங்க, இந்த நேரம் வரை உள்ளயா வெளியயான்னு ஒரு வார்த்த இல்ல.

சரோஜம்_தக்கலை
கணக்குல உள்ள. எனக்க கொழுந்தனுக்க உடம்புல வெளிய. கடைக்கு வாறவன் கணக்கு நோட்டா மனுஷனா?

குழித்துறை_கடைக்காரன்
உள்ளன்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் பாத்துக்கிடுங்க, உள்ளன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க.

குவைத்_நர்ஸ்_கொல்லங்கோடு
அண்ணே, அந்த வாய்ஸ அழிப்பீங்களா மாட்டீங்களா?

குழித்துறை_கடைக்காரன்
எதுக்கு அழிக்கணும்? 3900 உள்ளதான.

ரப்பர்வெட்டு_அருமனை
அப்பனக் கூட்டிட்டு ஆசாரிப்பள்ளம் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு பஸ்ல இருக்கேன். பையில எல்லாப் பட்டையும் எடுத்தாச்சு. ஒண்ணுல எழுத்து அழிஞ்சு கெடக்கு, பச்ச நிற மாத்திரை. அக்கா, அது எதுவா இருக்கும்?