டி அண்ட் டி: ஒருத்தர் வரலைன்னாலும் செஷன் தள்ளிப்போகுது, என்ன செய்யலாம்?

குகைவாசி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கேரக்டரா பகடை உருட்டிக் கதை ஆடுற விளையாட்டு), ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். நான் டிஎம் (கதையை நடத்துறவர்), அஞ்சு பிளேயர்கள், கேரக்டர்கள் லெவல் 4. வாராவாரம் வாட்ஸ்அப்ல "எந்த நாள் தோதுப்படும்?"னு வாக்கெடுப்பு (போல்) போடுறேன். ஒருத்தருக்கு முடியலைன்னா தள்ளி வைக்கிறோம். ரெண்டு மாசத்துல மூணே செஷன்தான் (கூடி ஆடுறது) நடந்திருக்கு. கேம்பெயின் (செஷன் செஷனா தொடர்ற கதை) கலையாம எப்படிக் காப்பாத்துறது?

இருபதுமுகம்: போல் போடுறதை இன்னிக்கே நிறுத்துங்க. ஒவ்வொருத்தரும் பத்துக்கு எட்டு தடவை வரக்கூடியவங்கன்னு வெச்சாக்கூட, அஞ்சு பேரும் ஒண்ணா அமையறது 33 சதவீதம்தான். மூணு பேராவது வர்றது 94 சதவீதம். ஆளுங்க மேல தப்பில்லை, "எல்லாரும் வரணும்"ங்கிற விதிதான் குழுவை உடைக்குது. ஒண்ணு விட்ட ஞாயிறு, சாயங்காலம் 4 முதல் 7:30னு நாளை நிலையா வைங்க. மூணு பேர் இருந்தா ஆட்டம் உண்டு. வர முடியாதவங்க மட்டும் வெள்ளி ராத்திரிக்குள்ள சொன்னா போதும்.

குகைவாசி: வராதவரோட கேரக்டரை என்ன பண்றது? பாதிச் சண்டையில காணாமப் போனா அபத்தமா இருக்குமே?

தீப்பந்தம்: அதனால செஷனைச் சண்டை நடுவுல நிறுத்தவே கூடாது. 7 மணி ஆயிட்டா புதுக் கதவு எதையும் திறக்க விடாதீங்க. சத்திரத்துலயோ முகாம்லயோ கொண்டுபோய் முடிங்க. வராதவர் கேரக்டர் முகாம்லயே இருக்கட்டும். இன்னொருத்தர் கையில கொடுத்து அது செத்துப்போச்சுன்னா மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

ஆளாளுக்குத் தனி எக்ஸ்பி (லெவல் ஏற வைக்கிற அனுபவப் புள்ளி) வேண்டாம், எல்லாரும் சேர்ந்தே லெவல் ஏறட்டும். நீங்க நிக்கிற இடத்துல இது ரொம்ப முக்கியம்: லெவல் 5ல ஃபைட்டருக்கு (போர்வீரன்) ரெண்டாவது அடி, விசார்டுக்கு (மந்திரவாதி) ஃபயர்பால்ங்கிற நெருப்பு மந்திரம். ரெண்டு செஷன் தவறவிட்டு லெவல் 4லயே நிக்கிறவர் வேடிக்கைதான் பார்ப்பார். அப்புறம் மூணாவது செஷனுக்கும் வர மாட்டார்.

இருபதுமுகம்: சண்டையையும் ரெண்டு அளவுல தயார் பண்ணுங்க. எதிரியா ஆறு ஓர்க் (அரக்கர்கள்) வந்தா 600 எக்ஸ்பி, எண்ணிக்கைக்காக விதிப்படி இருமடங்கு, 1,200. அஞ்சு பேருக்கு அது மீடியம்ங்கிற நடுத்தரக் கஷ்டத்தையே (1,250) தொடாது. மூணு பேருக்கு அடுத்த படியான ஹார்டையே (1,125) தாண்டிடும். நாலு ஓர்க்னா 800, மூணு பேருக்குச் சரியான மீடியம். எதிரியோட ஹிட் பாயிண்டை (உயிர்ப் புள்ளி) குறைக்காம எதிரிகளோட எண்ணிக்கையைக் குறைங்க. ஒரு ரவுண்டுல எதிரிங்க எத்தனை தடவை அடிக்கிறாங்கங்கிறதுதான் சின்னக் குழுவைச் சாய்க்கும்.

குகைவாசி: நன்றி. ஒருத்தர் மட்டும் தொடர்ந்து நாலு தடவை வரலை. அவரை?

தீப்பந்தம்: குரூப்ல கேக்காதீங்க, தனியா போன் பண்ணுங்க. நேரம்தான் பிரச்சினைன்னா விருந்தாளி கேரக்டரா வெச்சுக்கலாம், முடிஞ்சப்ப வரட்டும். அந்த மூணு பேர் கணக்குல மட்டும் அவரைச் சேர்க்காதீங்க.