‘ஃபேக்டரி லெட்டர்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

> பழைய வின்செஸ்டர் (அமெரிக்க நிறுவனம்) துப்பாக்கியின் வரிசை எண்ணை அனுப்பினால் அது எப்போது, எந்த வடிவில் வெளியே போனது என்று எழுதித் தருகிறார்களே, அதற்கு ‘ஆலைச் சான்று’ சரிதானே அண்ணா?

தம்பி, ‘ஆலை’ என்றதும் பெரம்பூர்க்காரர்களுக்குப் பின்னி மில்தான் நினைவுக்கு வரும். அதையாவது விடலாம், ‘சான்று’ கூடவே கூடாது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற ஊரின் அருங்காட்சியகம் தருவது பழைய பேரேட்டில் அந்த எண்ணுக்கு நேரே உள்ள வரியை மட்டும்: எண் பொறித்த நாள், கிடங்குக்கு வந்த நாள், அனுப்பிய நாள், குழல் வகை. உங்கள் துப்பாக்கியை அவர்கள் பார்ப்பதில்லை. பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு வேறு எண் வெட்டியிருந்தாலும் தாள் வந்துவிடும். வில்லங்கச் சான்றை நீட்டி நிலம் சுத்தம் என்பவர்களை வடசென்னையில் பார்க்கிறோமே, அந்தத் தொல்லை இங்கும் வேண்டாம். ‘பேரேட்டுப் படி’ என்பேன்.

எண்ணோடு மாடலையும் எழுதுங்கள். 1892, 1894 மாடல்களுக்குத் தனித்தனி வரிசை. ஒரே எண் இரண்டிலும் இருக்கும். 1894 மாடலுக்கு 3,53,999 வரைதான் முழுப் பதிவு. ராயபுரம் உப்புக்காற்றில் துரு ஏறிய எண்ணை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், ஓரம் மழுங்கி 3-உம் 8-உம் ஒன்றாகிவிடும். துப்பாக்கி காலியா என்று முதலில் பாருங்கள். பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் பஞ்சால் ஒற்றி, சாக்பீஸ் தூளைத் தடவி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எண் தெரியும்.

தாள் வந்ததும் குழலைப் பாருங்கள். வின்செஸ்டர் நீள்வட்டத்துக்குள் டபிள்யூ-பி முத்திரை குத்தத் தொடங்கியது 1905-இல். பேரேடு 1898 என்று சொல்லி, குழலில் அந்த முத்திரை இருந்தால் குழல் மாறியிருக்கலாம், அல்லது பழுதுக்காகத் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போயிருக்கலாம். பி மட்டும் இருந்தால் அது தனியாக அஞ்சலில் விற்ற குழல்.

*

அண்ணா, ‘சான்று’ வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘படி’ என்றால் பக்கத்தை அப்படியே நகலெடுத்ததாக நினைப்பார்கள். வருவது தட்டச்சு செய்த சுருக்கம். ‘பேரேட்டுக் குறிப்பு’ எப்படி? சொன்ன அளவுக்கு மேல் எதையும் உறுதி தராத சொல்.

பெட்டிக்கும் ஒரு சொல் வேண்டும். துப்பாக்கியோடு வந்தது ‘உடன்பெட்டி’, பின்னால் வாங்கிப் பொருத்தியது ‘சேர்த்த பெட்டி’. விலையில் பெரிய வித்தியாசம் என்பதால் இரண்டையும் குழப்பக் கூடாது. உள்ளே ஒட்டிய பனாத்தைப் பாருங்கள்: துப்பாக்கி பல வருஷம் கிடந்திருந்தால் லீவரும் சுத்தியலும் படிந்த இடத்தில் துணி நைந்து எண்ணெய் கறுத்திருக்கும். அந்தத் தடம் உங்கள் துப்பாக்கியின் லீவருக்கு நேரே விழாவிட்டால் வேறொன்றின் பெட்டி. 1894 ரைஃபிளின் வழக்கமான குழல் 26 அங்குலம், கார்பைன் என்ற குட்டை வகைக்கு 20. அவ்வளவு நீளத் துப்பாக்கியை இரண்டாகக் கழற்றி வைக்கும் குட்டைப் பெட்டியோடு விற்கிறார்கள் என்றால், குறிப்பில் ‘டேக்டவுன்’ (கழற்றும் வகை) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்ற முடியாத துப்பாக்கி அந்தப் பெட்டிக்குள் போகவே போகாது.