பொம்மை வீட்டுக்கு டிவி, லெப்டொப், போன்: எதைச் செய்தாலும் கரும்பலகை மாதிரியே வருகிறது

கல்லடி_அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். தரம் 4 படிக்கிற மகளுக்காகப் பிளைவுட்டில் ஒரு பொம்மை வீடு செய்து கொண்டிருக்கிறேன், எங்கட அம்மம்மா வீட்டின் அதே அமைப்பு, முன் விறாந்தை, ஹோல், இரண்டு அறை, பின்னால் குசினி. கதிரை மேசை அலுமாரி எல்லாம் தீக்குச்சியிலும் ஐஸ்கிறீம் குச்சியிலும் வடிவாக வந்துவிட்டது, களிமண்ணில் செய்த சட்டி பானையைப் பார்த்து அம்மாவே அசந்து போனா. கரண்டில் ஓடுகிற சாமானுக்கு வந்ததும்தான் எல்லாம் கெட்டுப் போகிறது.

ரெஜிபோமை, அந்த வெள்ளை நுரை மட்டையை, வெட்டிக் கறுப்புக் கடதாசி ஒட்டி டிவி செய்தேன், பள்ளிக்கூடக் கரும்பலகையைச் சுவரில் மாட்டிய மாதிரி இருக்கு. லெப்டொப் இரண்டு பிஸ்கட்டை ஒட்டிய மாதிரி. போன் சொல்லவே வேண்டாம், பொம்மை கையில் செங்கல் வைத்திருக்குது. சரி, கண்ணாடி மாதிரி மினுங்கட்டும் என்று பழைய சீடி பெட்டியின் மூடியை வெட்டி டிவிக்கு மேலே சூப்பர் குளூ போட்டு ஒட்டினால், விடிய எழும்பிப் பார்க்க உள்பக்கம் முழுக்க வெள்ளைப் புகை படிந்து கிடக்கு. "அம்மா, டிவிக்கு பவுடர் போட்டீங்களா" என்று மகள் கேட்கிறாள்.

இதுகளை உண்மையான சாமான் மாதிரிச் செய்ய ஏலுமா? டிவியில் வெளிச்சமும் வந்தால் நல்லது. ஒன்லைனில் வாங்குங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், விலையைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன்.

மருதமுனை_நானா:

தங்கச்சி, முதலில் அளவு. உங்கள் வீடு எந்த அளவில் என்று சொல்லவில்லை. பொம்மை வீட்டுக்காரர் கூடுதலாகப் பாவிக்கிறது ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது உண்மையில் ஒரு அடி இருப்பது இங்கே ஒரு அங்குலம். கதிரையின் இருக்கை நிலத்திலிருந்து மூன்றரை, நாலு சென்ரிமீற்றர் உயரம் என்றால் உங்களுடையதும் அதுதான். அப்படியென்றால் வீட்டில் இருக்கிற சாமானை ரூலரால் அளந்து 12ஆல் பிரியுங்கள், கண் மட்டத்தில் செய்ய வேண்டாம். 32 அங்குல டிவியின் திரை ஏறக்குறைய 71க்கு 40 சென்ரிமீற்றர், பொம்மை வீட்டில் 59க்கு 33 மில்லிமீற்றர். 43 அங்குலம் என்றால் 79க்கு 45 மில்லி. 16 சென்ரிமீற்றர் நீளமான போன் 13 மில்லிதான் வரும், ஒரு சோற்றுப் பருக்கையை விடக் கொஞ்சம் நீளம்.

நீளம் அகலம் எல்லோரும் சரியாக வெட்டுவார்கள். தடிப்பில்தான் பிழை விடுவது. நீங்கள் 3 மில்லி ரெஜிபோம் எடுத்திருந்தால் அது உண்மையில் 36 மில்லி தடிப்பு. டிவிக்கு ஒரு மாதிரிச் சமாளிக்கலாம், போனுக்கு நீங்கள் சொன்ன அதே செங்கல்தான். இதற்கு நான் கண்ட மிக நல்ல சாமான் பழைய வங்கி காட். உலகம் முழுக்க அது 0.76 மில்லி தடிப்பு, 12ஆல் பெருக்கினால் 9 மில்லி, ஒரு போனின் தடிப்பு அப்படியே. சிம் வாங்கும்போது சிம்மை உடைத்தெடுத்துவிட்டுத் தூக்கிப் போடுகிற மட்டை இருக்கிறதே, அதுவும் அதே தடிப்புத்தான். கத்தரிக்கோலால் வெட்டி, மூலைகளை நகம் தேய்க்கிற அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். லெப்டொப்புக்கு 30க்கு 20 மில்லி அளவில் மூன்று துண்டு: மூடிக்கு ஒன்று, அடிக்கு இரண்டை ஒன்றாக ஒட்டுங்கள். பிணைச்சலுக்கு மெல்லிய துணிப் பட்டி.

திரைக்கும் விசைப்பலகைக்கும் உங்கள் சொந்த லெப்டொப்பையே நேர் முன்னால் நின்று படம் எடுத்துச் சின்னதாக்கிக் கொமியூனிகேஷன் கடையில் லேசர் பிரிண்ட் போடுங்கள். இங்க்ஜெட் வேண்டாம், ஈரப்பசை பட்டால் மை ஊறிப் பரவும். எழுத்து வாசிக்க ஏலாமல் போகும், போகட்டும், அந்த அளவில் வாசிக்க ஏலுமாக இருந்தால்தான் பிழை.

போன்_டொக்டர் (களுவாஞ்சிக்குடி):

அக்கா, நான் போன் திருத்துகிற ஆள், என் குப்பைவாளியே உங்களுக்கு ஒரு கடை.

வெள்ளைப் புகையைச் சொல்கிறேன். சூப்பர் குளூ காயும்போது ஆவி எழும்பிப் பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக்கில் படியும், அதுதான் அந்தப் பவுடர். காற்றில் ஈரம் கூடினால் இன்னும் மோசம், மாரி காலத்தில் மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்துகொண்டு அதைத் தொடவே வேண்டாம். அதோடு சீடி மூடி ஒரு மில்லிக்கு மேல் தடிப்பு, நானா சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் தடித்த கண்ணாடி போட்ட டிவி எங்கே இருக்கு? போனுக்கு ஒட்டுகிற பிளாஸ்டிக் படலம், கண்ணாடி இல்லை, வளைகிற பழைய வகை, அதை எடுங்கள். அதன் அடியிலேயே ஒட்டும் பசை இருக்கும், வேறு குளூ தேவையில்லை. டெம்பர்ட் கண்ணாடியை வெட்ட வெளிக்கிட்டால் வெடித்துச் சிதறும், நானே செய்து விரலில் வாங்கியிருக்கிறேன்.

அணைந்து கிடக்கிற திரைக்கு ஒரு வழி இருக்கு, இதை ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். நிஜத் திரை தார் மாதிரிக் கறுப்பு இல்லை. உங்கள் போனை அணைத்துவிட்டு யன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள், சாம்பல் கலந்த ஒரு ஆழம் தெரியும். பழுதான எல்சிடி திரையின் மேல் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருக்கும், அதுதான் போலரைசர். அதை ஒரு மூலையில் கிளப்பி மெதுவாக உரித்து, கறுப்பு மட்டைக்கு மேலே ஒட்டினால் அணைந்த டிவி அப்படியே வந்துவிடும், ஏனென்றால் அது டிவியில் இருக்கிற அதே சாமான். உரிக்கும்போது கண்ணாடித் தூள் பறக்கும், கையுறை போடுங்கள், மகளைப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டாம். இல்லாவிட்டால் பக்கத்துப் போன் கடையில் கேளுங்கள், பழசு உரித்தே தருவார்கள்.

ரவுட்டருக்கு: அதே சிம் மட்டையில் 15க்கு 10 மில்லி, இரண்டு அடுக்கு. அன்ரெனாவுக்குப் பழைய டெலிபோன் வயரின் ஒரு இழை. அந்தச் சின்னப் பச்சை விளக்குகளுக்கு எல்ஈடி வைக்க இடம் காணாது, ஆனால் மட்டக்களப்பில் இருந்துகொண்டு தங்கூசிக்கு, அதுதான் மீன் பிடிக்கிற நைலோன் நூலுக்கு, பஞ்சமா? நிறமில்லாத தங்கூசி வெளிச்சத்தைக் கடத்தும், இரண்டு மூன்று சென்ரிமீற்றருக்குப் போதுமான அளவு. ரவுட்டர் முகப்பில் ஊசியால் நாலு ஓட்டை, நாலு துண்டு தங்கூசி, அவற்றின் பின் நுனிகளை ஒரே கட்டாகச் சுவருக்குப் பின்னால் ஒரு பச்சை எல்ஈடிக்கு முன்னால் சேருங்கள். முன் நுனியை ஊதுபத்தி நெருப்புக்குக் கிட்டக் கொண்டு போனால், தொடாமல், உருகிச் சின்ன முத்து மாதிரித் திரளும். அந்த முத்துத்தான் மினுங்கும்.

ஒலுவில்_மாணவன்:

டிவியில் உண்மையாகவே படம் ஓட வைக்கலாம். 1.8 அங்குல டிஎஃப்டி என்கிற சின்னக் கலர் திரை எலெக்ரோனிக்ஸ் கடைகளில் கிடைக்கும், அதை ஓட்ட ஈஎஸ்பி32 என்கிற சின்னக் கொன்ரோல் போட் ஒன்று போட்டால் படங்களை மாற்றி மாற்றிக் காட்டும். 1.8ஐ 12ஆல் பெருக்கினால் 21.6. அதாவது அந்தக் காலத்து 21 அங்குலப் பெட்டி டிவி! திரையின் அமைப்பும் பழைய டிவி மாதிரிச் சதுரத்துக்குக் கிட்ட, அதனால் அதைத் தட்டை டிவிக்குப் போட்டால் பொருந்தாது, அம்மம்மா வீட்டு அறைக்குப் பழைய பெட்டி டிவியாகப் போட்டால் அசத்தும். பின்பக்கம் பெரிய கூடு இருப்பதால் வயர் எல்லாம் அதற்குள் ஒளிக்கலாம்.

அவ்வளவு தேவையில்லை என்றால் சாதாரண வழி. டிவிக்குப் பின்னால் சுவரில் ஓட்டை, வெள்ளை எல்ஈடி ஒன்று, 5 வோல்ட் போன் சார்ஜர், இடையில் 220 ஓம் ரெசிஸ்டர். முன்னால் லேசர் பிரிண்ட், அதற்குப் பின்னால் இன்னொரு மெல்லிய வெள்ளைத் தாள். எல்ஈடியை நேராகத் திரையைப் பார்த்து வைத்தால் நடுவில் ஒரு பொட்டு மட்டும் எரியும், ஆகவே பக்கவாட்டில் வைத்து, பின்னால் அலுமினியத் தாள் ஒட்டி, அதில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தைப் பாவியுங்கள். ஓரங்களுக்குக் கறுப்பு டேப். டிவிக்குக் கூல் வைட், அறை விளக்குக்கு வோர்ம் வைட் என்று போட்டால் டிவி ஓடுகிற நீல வெளிச்சம் எதிர்ச் சுவரில் தெரியும்.

ஒன்று மட்டும். வட்டப் பட்டன் பற்றரி போட வேண்டாம். பிள்ளை விளையாடுகிற சாமான், தம்பி தங்கச்சி இருந்தால் வாயில் போடும். விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்திலேயே தொண்டைக் குழாயைக் கருக்கிவிடும்.

மருதமுனை_நானா:

தம்பி சொன்னது சரி, ஆனால் ஓடுகிற திரை எனக்கு விருப்பமில்லை. ஒரு வீட்டில் ஒன்று மட்டும் அசைந்தால் கண் அதிலேயே நிற்கும், மற்றதெல்லாம் பொம்மையாகிப் போகும். செய்வதென்றால் எல்லாவற்றையும் செய்ய வேண்டும். இங்கிலாந்தில் 1924இல் முடித்த குயின் மேரியின் பொம்மை வீட்டில் லிஃப்டும் ஓடும், குழாயில் தண்ணியும் வரும், கரண்ட் விளக்கும் எரியும், அதுவும் இதே ஒன்றுக்குப் பன்னிரண்டுதான். அது ராணிக்கு. எங்களுக்கு அணைந்த டிவி காணும்.

தங்கூசி யோசனை நல்லாயிருக்கு, இந்தக் கிழமையே செய்து பார்க்கிறேன்.

திருக்கோவில்_பூரணி:

எல்லோரும் டிவியையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் மூன்று வீடு செய்துவிட்டேன், சாமானை விட அதைச் சுற்றி இருப்பதுதான் ஆளை ஏமாற்றும். வயர் இல்லாத டிவி எங்கே இருக்கு? பிளக் எங்கே? ஒரு சுவர் பிளக் உண்மையில் எட்டரை சென்ரிமீற்றர் சதுரம், இங்கே 7 மில்லி. சிம் மட்டையில் வெட்டி, மூன்று கீறல் கறுப்புப் பேனையால். பழைய வீடு என்றால் உருண்டைத் துளை, புது வீடு என்றால் சதுரத் துளை, அதிலேயே வீட்டின் வயது தெரிந்துவிடும். வயருக்கு நூல் போடாதீர்கள், நூல் தொங்காது, விறைத்துக்கொண்டு நிற்கும். மோட்டர் வைண்டிங் கடையில் 24 கேஜ் செப்புக் கம்பி ஒரு முழம் கேட்டால் காசு வாங்காமலே தருவார்கள், அரை மில்லிதான் வரும், கறுப்பு அடித்து வளைத்துவிட்டால் வளைத்தபடியே கிடக்கும். பெயின்ற் கொஞ்சம் உரிந்தாலும் பரவாயில்லை, எங்கட வீட்டு வயரும் டேப் சுற்றினதுதானே.

பிறகு ரிமோட். 15க்கு 4 மில்லி. அதைச் சும்மா மேசையில் வைத்தால் அது வெளிநாட்டு வீடு. சோற்றுப் பார்சல் சுற்றுகிற லஞ்ச் சீற்றில் ஒரு துண்டு வெட்டி ரிமோட்டைச் சுற்றிப் பின்னால் ஒட்டிவிடுங்கள், யார் பார்த்தாலும் சிரிப்பார்கள், ஏனென்றால் அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் கிடக்கு. பிரிட்ஜுக்கு மேலே பின்னல் துணி, கதவில் கழற்றாத மின்சார நட்சத்திர ஸ்டிக்கர். பிரிட்ஜுக்கு அடியில் கல். 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் பிரிட்ஜை நிலத்தோடு வைத்த வீடு குறைவு, நாலு அங்குலக் கல் என்றால் 8 மில்லி ரெஜிபோம் துண்டு, சிமெந்து நிறம் அடியுங்கள்.

என்னுடைய மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மினுக்கம் வேண்டும் என்று இங்க்ஜெட்டில் எடுத்த படத்துக்கு மேல் நிறமில்லாத நெயில் பொலிஷ் பூசினேன். மை ஓடி நியூஸ் வாசிக்கிற பொம்பளையின் முகம் காதுவரை போய்விட்டது. சீடி பெட்டி பிளாஸ்டிக்கிலும் பூசாதீர்கள், அது கரையும்.

கல்லடி_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வந்து எழுதுகிறேன். மகன் படிக்கிற ரியூசனுக்குப் பக்கத்து போன் கடைத் தம்பி போலரைசர் இரண்டு உரித்துத் தந்தார், காசு வேண்டாம் என்றுவிட்டு, வீட்டைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். ஒட்டும்போது ஒரு காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டது, எடுக்கப் போய்க் கீறிவிட்டேன், சரி பழைய டிவி என்று விட்டுவிட்டேன். சார்ஜர் வெளிச்சம் அறை விளக்குக்கு மட்டும் போட்டேன், நானா சொன்ன மாதிரி டிவி அணைந்துதான் இருக்கு.

தங்கூசி ரவுட்டர் முதல் முறை எரியவில்லை. கடையில் வாங்கியது பச்சை நிறத் தங்கூசி, இரவல் வாங்கிய நிறமில்லாத தங்கூசி போட்டதும் சரி. லஞ்ச் சீற் சுற்றிய ரிமோட்டைப் பார்த்து அம்மம்மா என்ன சொன்னா தெரியுமா, "அதைக் கழற்றிப் போடாத, புதுசு பழுதாப் போகும்".

இப்ப சீலிங் ஃபேன்தான் மிச்சம். இறகைச் சிம் மட்டையில் வெட்டிவிட்டேன், சுற்றளவு 10 சென்ரிமீற்றர் வருகிறது. சுத்த வைக்கலாமா? போனின் வைபிரேஷன் மோட்டர் போட்டேன், இறகு பறந்து அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டது.

போன்_டொக்டர் (களுவாஞ்சிக்குடி):

சுற்றளவு இல்லை அக்கா, இறகு நுனிக்கு நுனி 10 சென்ரிமீற்றர், 48 அங்குல ஃபேன் என்றால் அது சரியான அளவு. வைபிரேஷன் மோட்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுப் போகும், ஆடுவதற்கென்றே செய்தது, அது ஏலாது. என்20 என்று சின்ன கியர் மோட்டர் இருக்கு, 12 மில்லி அகலம், கூரைத் தட்டுக்கு மேலே படுக்காமல் நிற்க வைத்து அச்சை மட்டும் கீழே இறக்குங்கள். நிமிடத்துக்கு 200, 300 சுற்று வருகிற மோட்டராகக் கேளுங்கள், அதை விட வேகமானது வேண்டாம். வாங்க முதல் தட்டுக்கு மேலே எத்தனை மில்லி உயரம் இருக்கு என்று அளந்து போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.