டெரியர் குட்டி வளர்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் – எங்கள் கடுகிலிருந்து தொடங்குகிறேன்

கடுகுக்கு இந்த வாரம் ஒரு வயது முடிகிறது. ஜாக் ரஸ்ஸல் டெரியர், ஆண், வெள்ளை உடம்பு, இடது கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு. கோவையில் தனி வீடு, முன்னால் சின்னத் தோட்டம், வீட்டில் நான், மனைவி, அம்மா. இந்த ஒரு வருடத்தில் நாலு தடவை புதுசா ஒரு நாய் வாங்கின மாதிரி இருந்தது, அத்தனை மாறினான். குட்டி வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டு எட்டாவது மாதத்தில் 'யாருக்காவது கொடுத்துவிடலாமா' என்று யோசிப்பவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் கதையையும் கீழே எழுதுங்கள்.

முதலில் பார்த்த இடத்தில் 35 நாள் குட்டியைக் கையில் கொடுத்து, 'இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க சார், இப்பவே போனாத்தான் பழகும்' என்றார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று மத்திய அரசின் 2017 விதியே சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றவனுக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும் உருண்டு புரளும் அந்தச் சில வாரங்களில்தான். அந்தக் குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தபோது மனைவி ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தாள். பிறகு வேறு ஒருவரிடம், தாய் நாயையும் பார்த்து, ஒன்பது வாரத்தில் கடுகை எடுத்தோம். 1.6 கிலோ.

ஒன்பது வாரம் தாயோடு இருந்தவனே எங்களைக் கடித்த கடி இருக்கிறதே! அம்மா நடந்தால் புடவைக் கொசுவத்தில் தொங்கிக்கொண்டே வருவான். 'ஐயோ என்று கத்துங்கள், குட்டி பயந்து விட்டுவிடும்' என்று நிறையப் பேர் சொன்னார்கள். கத்தினால் இவன் குஷியாகி இன்னும் இறுக்கிப் பிடித்தான். டெரியருக்குக் கீச்சுக் குரல் கேட்டால் எலி அகப்பட்ட மாதிரிதான், அது ரத்தத்தில் இருக்கிறது. எங்களுக்குப் பலித்தது வேறு. பல் பட்டவுடனே மரம் மாதிரி நின்றுவிடுவது, கையை இழுக்காமல், பேசாமல், கண்ணைப் பார்க்காமல். அப்போதும் விடவில்லையென்றால் சமையலறையின் அரைக்கதவைத் தாண்டி அந்தப் பக்கம் போய் அரை நிமிடம் நின்றுவிட்டு வருவது. வீட்டில் மூன்று பேரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும், ஒருவர் சிரித்தால்கூட அன்றைக்குச் செய்ததெல்லாம் வீண். மூன்று வாரம் ஆனது.

இன்னொன்று, தூக்கம். சாயங்காலம் ஆறரை மணிக்குப் பேய் பிடித்த மாதிரி சோபா மேலும் கீழுமாக ஓடுவான், அந்த நேரத்தில்தான் கடி அதிகம். சக்தி மிச்சம் இருக்கிறது என்று நினைத்து இன்னும் ஓடவிட்டோம், இன்னும் மோசமானது. தடுப்பூசிக்குப் போனபோது டாக்டர் கேட்டார், 'பகல்ல எவ்வளவு தூங்குறான்?' இந்த வயதுக் குட்டி ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் தூங்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் கொஞ்சிக்கொண்டே இருந்ததால் அவனுக்குப் பாதித் தூக்கம்கூட இல்லை. கூண்டின் மேல் பழைய வேட்டியைப் போர்த்தி, ஒரு மணி நேரம் முழிப்பு, இரண்டு மணி நேரம் தூக்கம் என்று ஆரம்பித்தோம். ஒரே வாரத்தில் ஆறரை மணிப் பேய் அடங்கிவிட்டது.

நாலாவது மாதம் பல். நாய்க்குப் பால் பல் 28, விழுந்து முளைப்பது 42. ஒரு நாள் காலையில் பாயைச் சுருட்டும்போது அரிசி மாதிரி ஏதோ விழுந்தது, எடுத்துப் பார்த்தால் கோரைப் பல், நுனி ஊசி மாதிரி, அடிப்பக்கம் குழலாக உள்ளே ஒன்றுமில்லாமல், ஓரத்தில் ஒரு துளி ரத்தம் காய்ந்திருந்தது. அம்மா அதைப் பஞ்சில் சுற்றி என்னுடைய பால் பல் வைத்திருந்த அதே டப்பாவில் போட்டுவிட்டார். அந்த இரண்டு மாதமும் ஈரத் துண்டை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தோம். ஈறு அரிப்புக்கு அது போல எதுவும் இல்லை, செருப்புகளும் தப்பித்தன.

தோட்டம் தப்பிக்கவில்லை. இரண்டு மல்லிகைச் செடி, அம்மாவின் துளசி, குழாயடியில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி. இந்த இனம் எதற்கு உண்டானது என்று அப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். 1819-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த ஜான் ரஸ்ஸல் என்பவர், பின்னாளில் பாதிரியார் ஆனவர், ஒரு பால்காரரிடம் ட்ரம்ப் என்ற வெள்ளைப் பெட்டை நாயை வாங்கினார், இந்த இனமே அதன் வழிதான். வேலை என்னவென்றால் நரி பொந்துக்குள் போய்விட்டால் பின்னாலேயே இறங்கிக் குரைத்து வெளியே கிளப்புவது. டெரியர் என்ற பெயரே மண் என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. வளர்ந்த நாயின் மார்பை முன்னங்காலுக்குப் பின்னால் இரண்டு கையாலும் சுற்றிப் பிடிக்க முடிய வேண்டும் என்பது இன்றைக்கும் கணக்கு, அதற்கு மேல் பருத்தால் பொந்தில் நுழைய முடியாதே. இதைப் படித்த பிறகு குழி தோண்டினால் திட்டுவதை நிறுத்திவிட்டேன். ஒரு பழைய சிமெண்ட் தொட்டியில் மண்ணை நிரப்பி, பந்து, முடிச்சுப் போட்ட கயிறு, ஒரு துண்டு பனீர் எல்லாம் புதைத்து 'இங்க தோண்டு' என்று காட்டினோம். புதுத் துளசி இப்போது ஆளுயரம்.

ஆறாவது மாதத்தில், 'நம்ம பையன் நல்லா வளர்ந்துட்டான்' என்று நிம்மதியாக இருந்தோம். 'வா' என்றால் வருவான், 'உட்காரு' என்றால் உட்காருவான். எட்டாவது மாதம் அத்தனையும் போய்விட்டது. 'வா' என்றால் திரும்பிப் பார்த்துவிட்டுச் செடிக்குள் போவான். என் மனதை உடைத்தது எது தெரியுமா, பக்கத்து வீட்டுத் தாத்தா 'உட்காருடா' என்றால் டக்கென்று உட்காருகிறான், நான் சொன்னால் மட்டும் காது கேட்கவில்லை. நாய்க்கு என்மேல் பாசம் விட்டுப்போச்சு என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, வழிகாட்டி நாய்ப் பயிற்சிக்கான லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் குட்டிகளை வைத்து இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2020-ல் வெளிவந்திருக்கிறது. அஞ்சு மாதத்தில் சொன்னதைக் கேட்ட குட்டிகள் எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொன்னால் கேட்கவில்லை, முன்பின் தெரியாதவர் சொன்னால் கேட்டன. ஒரு வயது நெருங்கும்போது திரும்பவும் சரியாகிவிட்டன. அச்சு அசல் என் வீட்டுக் கதை.

அது தெரிவதற்கு முன்னால்தான் அந்த நாள். ஆகஸ்ட், சாயங்காலம், தூறல். நடக்கப் போனபோது ஒரு பெருச்சாளி குறுக்கே ஓடியது. கடுகு பின்னால் ஒரு இழு இழுத்தான், கழுத்து பெல்ட் தலைவழியே கழன்று என் கையில் தொங்கியது, அவன் சாக்கடைமேல் போட்டிருந்த சிலாப்புக்கு அடியில் குழாய்க்குள் போய்விட்டான். குரைப்பு கேட்டது. கொஞ்ச நேரத்தில் தூரமாகக் கேட்டது. அப்புறம் கேட்கவே இல்லை. சேற்றில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், வெறும் இருட்டு. தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. போன வாரம்தான் அவன் மார்பை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து 'சரியா இருக்கு' என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன், அந்தக் குழாய் வாயைப் பார்த்தபோது அதே அளவுதான் இருந்தது. தெருக்காரர்கள் கடப்பாரையோடு வந்து இரண்டு சிலாப்பைத் தூக்கினார்கள். நாற்பது நிமிடம். நாலு வீடு தள்ளி, மூடி உடைந்த ஓர் இடத்தில் வெளியே வந்தான், உடம்பெல்லாம் கறுப்பு, மேல் உதடு கிழிந்து ரத்தம், வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. டாக்டர் காயத்தைக் கழுவி மருந்து கொடுத்துவிட்டு முதலில் தடுப்பூசி அட்டையைத்தான் கேட்டார். வெறிநாய்க்கடி ஊசியும் எலிக்காய்ச்சல் ஊசியும் போட்டிருந்தது. எலி பெருச்சாளியைத் துரத்தும் நாய்க்கு அந்த எலிக்காய்ச்சல் ஊசியை வருடா வருடம் விட்டுவிடாதீர்கள்.

மறுநாளே பெல்ட்டை விட்டு உடம்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸுக்கு மாறினோம். பத்து மீட்டர் கயிறு. 'வா' என்ற சொல்லை நான் கெடுத்துவிட்டிருந்தேன், குளிப்பாட்டக் கூப்பிட்டேன், திட்டக் கூப்பிட்டேன், வந்ததற்கே திட்டினேன். அதை விட்டுவிட்டு 'இந்தா' என்ற புதுச் சொல்லில் ஆரம்பித்தேன். 'இந்தா' என்றால் அவித்த கோழி ஈரல் ஒரு துண்டு, எப்போதும், தவறாமல். வேறு எதற்கும் அந்தச் சொல் கிடையாது.

———

அண்ணா, படித்துவிட்டு என் பையனைக் கட்டிக்கொண்டேன். சென்னையில் மூன்றாவது மாடி ஃப்ளாட், அதே ஜாக் ரஸ்ஸல், இப்போது இரண்டரை வயது.

எங்களுக்குக் குழாய் இல்லை, லிஃப்ட். கதவு திறக்கும் சத்தம் கேட்டால் குரைப்பான், கீழ் வீட்டு அம்மா இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. ஓடி ஓடிக் களைத்தால் அடங்குவான் என்று மொட்டை மாடியில் பந்து போட்டுக்கொண்டே இருந்தோம். களைப்பதற்குப் பதிலாகப் பந்துப் பைத்தியம் ஆகிவிட்டான். ராத்திரி பதினோரு மணிக்குப் பந்தைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டு நடுங்கிக்கொண்டு பார்ப்பான், பார்க்கவே பாவமாக இருக்கும். பந்தைப் பூட்டி வைத்துவிட்டு மூக்குக்கு வேலை கொடுத்தோம். பழைய துண்டில் அவன் உணவை உதிர்த்துப் போட்டுச் சுருட்டி முடிச்சுப் போடுவது, அட்டைப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டி, வீடு முழுக்க பத்து இடத்தில் ஒளித்துவைப்பது. பதினைந்து நிமிடம் மோந்து தேடினால் ஒரு மணி நேரம் ஓடினதைவிட நன்றாகத் தூங்குகிறான்.

அப்புறம் ஏழாவது மாதத்தில் திடீர் பயம் வந்தது, உங்களுக்கு வந்ததா? தினமும் இறங்கின படியில் யாரோ ஒரு சிமெண்ட் மூட்டையை வைத்திருந்தார்கள், அதைப் பார்த்து முதுகு மயிர் சிலிர்க்க உறுமிக்கொண்டு பின்னால் போனான். என் கணவர் 'ஒண்ணுமில்லடா' என்று பக்கத்தில் இழுத்துப் போனார், அதோடு மூன்று நாள் படி இறங்கவே இல்லை. பிறகு நான் மூட்டைக்குப் பத்துப் படி மேலே அவனோடு சும்மா உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். இரண்டாம் நாள் அவனே போய் மோந்துவிட்டு வந்தான். வளரும் பருவத்தில் இப்படி வந்து போகும் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

———

மதுரையிலிருந்து. எங்களுடையது யார்க்‌ஷயர் டெரியர், பெண், மூன்று கிலோவுக்குக் கீழே. பொம்மை மாதிரி இருக்கும், ஆனால் அதன் பாட்டன்மார் இங்கிலாந்து மில்களில் எலி பிடித்தவர்கள்தான். பல்லியைப் பார்த்துவிட்டால் சாப்பாடு வேண்டாம் அவளுக்கு.

பல் பற்றிச் சொன்னீர்களே தம்பி, சின்ன இனம் வைத்திருப்பவர்கள் ஆறு மாதம் ஆனதும் வாயைத் திறந்து பாருங்கள். எங்களுக்குப் பால் கோரைப் பல் விழாமலே பக்கத்தில் புதுப் பல் முளைத்து இரட்டைப் பல்லாக நின்றது. நடுவில் சோறு சிக்கி ஒரே நாற்றம். கருத்தடை அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுத்தபோதே டாக்டர் அதையும் எடுத்துவிட்டார், இரண்டு வேலைக்கு ஒரே மயக்கம்.

இன்னொன்று, மூன்று மாதத்தில் ஒரு நாள் காலையில் சாப்பிடாமல் விளையாடிக்கொண்டே இருந்தவள் திடீரென்று தள்ளாடி விழுந்தாள். சர்க்கரை இறங்கிவிட்டது. போனில் டாக்டர் சொன்னபடி தேனை விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நாலு வேளை சாப்பாடு, ஆறு மாதம் வரைக்கும்.

———

இருவருக்கும் நன்றி. அக்கா, எங்களுக்கும் அந்தப் பயம் வந்தது, தீபாவளியில். பதினொன்றாவது மாதம். முன்னமே தெரிந்ததால் நடு அறையில் ஜன்னலை மூடி, மிக்ஸி, ஃபேன், டிவி எல்லாம் ஓடவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே நடக்கவிட்டுக் கூட்டி வந்துவிட்டோம். அம்மா கட்டிலுக்கு அடியில் போனவனை இழுக்காமல் அங்கேயே தண்ணீரும் போர்வையும் வைத்துவிட்டோம். ராத்திரி ஒரு மணிக்குத் தானாக வந்தான்.

மூட்டை விஷயத்தில் நீங்கள் செய்ததுதான் சரி. மழைக்குப் பிறகு விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று தினமும் பாருங்கள், உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் ஒரே வாரத்தில் பாதியாகிவிடும்.

இப்போது 6 கிலோ. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் கேட்கிற மாதிரியே எனக்கும் கேட்கிறான். நேற்று காலையில் அதே சிலாப் பக்கம் போனோம். கயிறு தளர்வாகத்தான் இருந்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, மூக்கு மட்டும் துடிக்க, குழாய் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான், உள்ளே ஏதோ அசைந்த சத்தம் எனக்கே கேட்டது. 'இந்தா' என்றேன். காது ஒன்று மட்டும் என் பக்கம் திரும்பியது. அப்படியே ஒரு நாலு நொடி. பிறகு திரும்பி ஓடிவந்து என் செருப்பு மேலேயே உட்கார்ந்தான். கையில் இருந்த ஈரல் முழுவதையும் கொடுத்துவிட்டேன்.