மறு: ‘பாயின்டிங் டாக்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இழையைத் தொடங்கிய அம்மா கேட்டது ஒரே ஒரு சொல்தான். பறவை வேட்டை நாய்களைப் பழக்குவது, அவற்றுக்குத் தீனி போடுவது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறார். முதல் பக்கத்திலேயே ‘பாயின்டிங் டாக்’ வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. பதுங்கியிருக்கும் பறவையின் மணம் எட்டியதும் பாயாமல் அசையாது நின்று, அது இருக்கும் இடத்தைக் காட்டும் வேட்டை நாய் அது. சுட்டுநாய், சுட்டி, குறிநாய், மோப்பநாய், நிலைநாய் என்று இதுவரை ஐந்து பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இந்த நாய்களின் பின்னால் சில வேட்டைப் பருவங்கள் நடந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மோப்பநாயை முதலில் தள்ளிவிடலாம். எல்லா நாயும் மோப்பம் பிடிக்கும். அதோடு அந்தச் சொல் காவல்துறை நாய்க்கு ஏற்கெனவே போய்விட்டது. குறிநாயும் வேண்டாம். களத்தில் குறி பார்ப்பவர் துப்பாக்கி வைத்திருப்பவர், நாய் அல்ல.

> சுட்டுநாய் என்பதில் என்ன குறை? சுட்டுவிரல் இருக்கிறது, சுட்டெழுத்து இருக்கிறது. நாயும் பறவையைச் சுட்டத்தானே செய்கிறது?

ஐயா, வேர் பிழையில்லை. ஆனால் இந்தச் சொல் போய் உட்காரப்போகும் இடம் வேட்டைக்களம். அங்கே ‘சுடுதல்’ என்று இன்னொரு வினை முன்பே உட்கார்ந்திருக்கிறது. நாய் சுட்டியது, வேட்டைக்காரர் சுட்டார். எழுத்தில் பார்த்தால் வேறுபாடு தெரியும், பேச்சில் தெரியாது. பயிற்சியில் இரண்டு தனித்தனி விதிகள் உண்டு. பறவையைக் கண்டு நின்றபின் நாய் அசையக்கூடாது என்பது ஒன்று. துப்பாக்கி வெடித்தபின்னும், அனுப்பும்வரை அசையக்கூடாது என்பது இன்னொன்று. முதலாவதை நாய் விரைவில் கற்றுக்கொள்ளும். இரண்டாவதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ‘சுட்டியதும் அசையாதே’, ‘சுட்டதும் அசையாதே’ என்று இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட்டால் படிப்பவர் எதை எதுவாக எடுத்துக்கொள்வார்? துப்பாக்கி இருக்கும் இடத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது.

சுட்டியைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மவுஸ் சுட்டி, நிரல்மொழியின் பாயின்டர் சுட்டி, இணைப்பு சுட்டி. துறுதுறுவென்றிருக்கும் குழந்தையும் சுட்டி. அந்தச் சொல்லுக்கு இதற்கு மேலும் பாரம் ஏற்ற வேண்டாம்.

இதையெல்லாம்விட, ‘சுட்டுதல்’ அந்த நாய் செய்வதைச் சொல்லவே இல்லை என்பதுதான் என் பெரிய குறை. களத்தில் நடப்பதைச் சொல்கிறேன். நாய் காற்றுக்கு எதிர்முகமாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறது. புல்லுக்குள் பதுங்கியிருக்கும் பறவையின் மணம் காற்றோடு விரிந்துகொண்டே வரும். பறவையிடம் குறுகலாகவும் தொலைவில் அகலமாகவும் கூம்புபோல இருக்கும். ஓட்டத்தின் நடுவே நாயின் மூக்கு அந்தக் கூம்புக்குள் நுழைந்ததும் உடம்பு முழுவதும் அப்படியே நின்றுவிடுகிறது. வால் விறைக்கிறது. தூக்கிய முன்னங்கால் தூக்கியபடியே இருக்கும்; சில நாய்கள் தூக்காமலும் நிற்கும். மூக்கு பறவை இருக்கும் பக்கம் நீண்டிருக்கிறது. பறவையும் பெரும்பாலும் அசைவதில்லை, ஏனென்றால் அதன் தற்காப்பே மண்ணின் நிறத்தில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருப்பதுதான். இரண்டும் அசையாமல் நிற்கிற அந்த நேரத்தில்தான் வேட்டைக்காரர் நடந்து வந்து சேர்கிறார்.

இரையைப் பார்த்தால் பல வேட்டை விலங்குகள் பாய்வதற்கு முன் ஒரு நொடி நிற்கும், பூனையும் நிற்கும். பல நூற்றாண்டு இனப்பெருக்கத் தேர்வில் அந்த ஒரு நொடியை மனிதர்கள் பல நிமிடங்களாக நீட்டியிருக்கிறார்கள். பாயவேண்டிய விலங்கு பாயாமல் நிற்பதில்தான் இதன் அருமை இருக்கிறது. மூக்கு எந்தத் திசையில் நீள்கிறது என்பது அதற்கு அடுத்ததுதான். ஆகவே சொல்லில் ‘நிற்றல்’ கட்டாயம் வேண்டும்.

ஆங்கிலேயர்களே இதை ஒரே சொல்லால் பார்த்ததில்லை. ‘செட்டர்’ என்ற இனப்பெயர் துப்பாக்கி பரவாத காலத்தது. அந்த நாய்கள் பறவையைக் கண்டதும் தாழ்ந்து பம்மும். நாயையும் தாண்டிப் பறவைகள்மேல் வலை வீசுவார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ‘பாயின்டர்’ என்பது ஓர் இனத்தின் பெயர். ‘பாயின்டிங் டாக்’ என்பது வகை. செட்டர், பிரிட்டனி, விஸ்லா, வைமரனர் எல்லாம் அந்த வகைக்குள் வரும், ஆனால் பாயின்டர் ஆகா. இனப்பெயர்களை ஒலிபெயர்த்து அப்படியே விட்டுவிட்டு, வகைக்கு மட்டும் தமிழ்ச்சொல் ஆக்கினால் ஆங்கிலத்தில் இருக்கும் அந்தக் குழப்பம் நமக்கு வராது.

என் பரிந்துரை: நின்றுகாட்டி.

வழிகாட்டி, திசைகாட்டி, கைகாட்டி வரிசையில் காதுக்குப் பழகிய ஓசை. வினையெச்சத்தை முன்னால் வைத்துப் பெயர் ஆக்கலாமா என்று இலக்கணம் அறிந்தவர்கள் கேட்கக்கூடும். தொட்டாற்சுருங்கி இருக்கிறதே! அந்தச் செடி என்ன செய்கிறதோ அதுவே அதன் பெயர். இந்த நாயும் அப்படித்தான், நின்று காட்டுகிறது. வினையாகவும் இயல்பாக வருகிறது: ‘நாய் வேலியோரம் நின்றுகாட்டியது’. செயலுக்குச் சுருக்கமாக ‘நிற்பு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

நல்ல கலைச்சொல் குட்டி போடவேண்டும். இது போடுகிறது. பறவை இல்லாத இடத்தில், பழைய மணத்தை நம்பி நிற்பது பொய்நிற்பு. முன்னே ஒரு நாய் நிற்பதைப் பார்த்ததும் பின்னால் வந்த நாய் தனக்கு மணமே எட்டாவிட்டாலும் நிற்குமே, அது உடன்நிற்பு. (புணர்ச்சி விதிப்படி உடனிற்பு என்று எழுதவேண்டும் என்பது தெரியும். முதன்முறை படிப்பவருக்குப் புரியவேண்டும் என்று பிரித்தே எழுதுகிறேன்.) இந்த உடன்நிற்புக்கு ஆங்கிலத்தில் ‘ஆனர்’ என்கிறார்கள். அதை ‘மரியாதை செய்தல்’ என்று யாரும் மொழிபெயர்த்துவிடக்கூடாதே என்று எனக்குக் கவலை உண்டு.

மற்ற நாய் வகைகளுக்கும் பெயர் வேண்டும். ஸ்பேனியல் போன்றவை நிற்பதில்லை, துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள்ளேயே தேடிப் பறவையைப் பறக்கவிடும்: எழுப்பி. விழுந்த பறவையை மென்மையாகக் கவ்வி எடுத்துவருவது கொணரி. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வேண்டுமென்று பறக்கவைப்பது எழுப்புதல். நின்றுகாட்டி அவசரப்பட்டு முன்னேறி, ஆள் வந்துசேரும் முன் பறவையைக் கிளப்பிவிட்டால் அது குற்றம். அதற்குக் ‘கலைத்தல்’ என்ற நம் வழக்குச்சொல்லே போதும். ‘இன்று நாலு பறவையைக் கலைத்துவிட்டது’ என்றால் எந்த விளக்கமும் தேவைப்படாது.

> ‘அப்லாண்டு பேர்ட்ஸ்’ – மேட்டுநிலப் பறவைகள்?

நேர்ப்பெயர்ப்பு, ஆனால் தவறான படம் தருகிறது. காடை, கௌதாரி, ஃபெசன்ட், குரௌஸ், வுட்காக் எல்லாம் இதில் அடக்கம். காடை சமவெளியிலும் இருக்கும். வுட்காக் ஈரமண்ணில் மண்புழு தேடும் பறவை. வாத்து போன்ற நீர்ப்பறவைகளிலிருந்து பிரித்துச் சொல்வதற்கான பெயர் இது, அவ்வளவுதான். நமக்கு ‘நீர்ப்பறவை’ ஏற்கெனவே இருப்பதால் அதற்கு இணையாகத் ‘தரைப்பறவை’ போதும். ‘புன்புலப் பறவை’ என்று ஒருவர் எழுதியது அழகாக இருந்தது. சங்கப் பாடல்களில் காடை, கௌதாரி இனங்களுக்கு வரும் குறும்பூழும் சிவலும் இதலும் நினைவுக்கு வந்தன. ஆனால் வுட்காக் அங்கேயும் அடங்காது.

அடுத்து, தீனிப் பகுதி. சொல்லப்போனால் எனக்கு இதுதான் முக்கியம். பெயர் கொஞ்சம் பிசகினால் வாசகர் புருவம் சுருக்குவார், இங்கே பிசகினால் நாய்க்கு ஆபத்து.

அம்மாவின் வரைவில் ‘புளோட்’ என்பதற்கு ‘வயிற்று உப்புசம்’ என்று இருக்கிறது. தயவுசெய்து மாற்றிவிடுங்கள். உப்புசம் என்றால் நாம் ஓமத்தண்ணீரை நினைப்போம். இது வேறு. ஆழ்ந்த மார்புக்கூடு கொண்ட பெரிய நாய்களுக்கு, செட்டரும் வைமரனரும் அதில் உண்டு, இரைப்பை காற்றால் வீங்கித் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். இரத்த ஓட்டம் அடைபடும். நாய் வாந்தி எடுக்க முயலும், எதுவும் வராது; நிலைகொள்ளாமல் அலையும்; வயிறு மத்தளம்போல் ஆகும். உடனே அறுவை செய்யாவிட்டால் சில மணி நேரத்தில் இறந்துவிடும். ஆகவே இரைப்பை முறுக்கம் என்று எழுதுங்கள். சொல்லைப் படித்ததுமே மருத்துவரிடம் ஓடத் தோன்றவேண்டும்.

வேட்டை நாள் காலையில் வயிறு நிறையப் போடாதே என்ற விதிக்கு இதுவும் ஒரு காரணம். பெரிய வேளை உணவை மாலையில், ஓட்டம் முடிந்து மூச்சு அடங்கி உடல் குளிர்ந்தபின் கொடுப்பதே வழக்கம். தண்ணீர் மட்டும் பகலெல்லாம் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக.

> ‘பாடி கண்டிஷன்’ – உடல்நிலை என்று போட்டிருக்கிறேன்.

‘உடல்நிலை சரியில்லை’ என்றால் காய்ச்சல் என்றுதான் அர்த்தம் வரும். இங்கே பேசுவது சதைப்பிடிப்பைப் பற்றி. உடற்கட்டு என்று சொல்லலாம். கால்நடை மருத்துவர்கள் 9 படி அளவில் மதிப்பெண் போடுகிறார்கள், 4 அல்லது 5 இருந்தால் நல்லது. கண்ணால் பார்த்தால் போதாது, தடவிப் பார்க்கவேண்டும். அழுத்தாமலே விலா எலும்பு விரலில் தட்டுப்படவேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரியவேண்டும். நீளமுடி நாய்கள் இளைத்துப்போனாலும் முடி அதை மறைத்துவிடும். பருவத்தின் நடுவில் ஒருநாள் செட்டர் ஒன்றின் முதுகைத் தடவியபோது எலும்பு குத்தியது. தூரத்தில் பார்க்க அது மினுமினுவென்று அழகாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து நான் வாரம் ஒருமுறை தடவிப் பார்க்காமல் விடுவதில்லை.

‘பெர்ஃபார்மன்ஸ் ஃபுட்’ என்பதற்கு ‘செயல்திறன் உணவு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது அலுவலகக் கோப்பில் வரும் சொல்போல் இருக்கிறது. உழைப்புத் தீனி என்போம். பையின்மேல் 30/20 என்று அச்சிட்டிருப்பார்களே, அதுதான்: 30 விழுக்காடு புரதம், 20 விழுக்காடு கொழுப்பு. நாள் முழுக்க ஓடும் நாய்க்குக் கொழுப்பே முதன்மை எரிபொருள். நாய்த்தீனிக் கணக்கில் ஒரு கிராம் கொழுப்பு சுமார் 8.5 கிலோகலோரி தரும். புரதமும் மாவுச்சத்தும் 3.5 தான். 25 கிலோ நாய்க்குச் சும்மா படுத்திருக்கவே ஏறத்தாழ 780 கிலோகலோரி வேண்டும். கடும் உழைப்பில் அது பல மடங்காகிவிடும். அவ்வளவையும் வெறும் சோற்றால் நிரப்பப் பார்த்தால் வயிறு கொள்ளாது, கழிச்சலும் கூடும். ஆனால் கொழுப்பை எரிக்கத் தசைகள் பழகச் சில வாரங்கள் ஆகும். அதனால் தீனியைப் பருவத்துக்கு 6 முதல் 8 வாரம் முன்பே, பழையதோடு கலந்து கலந்து மாற்றவேண்டும். பருவம் முடிந்தபின் பழைய அளவுக்குத் திரும்ப மறந்தால் நாய் பெருத்துவிடும்.

> தீனி என்பது தாழ்த்திச் சொல்வதாகாதா? உணவு எனலாமே.

நண்பரே, உங்கள் பரிவு புரிகிறது. மொத்தமாகச் சொல்லும் இடங்களில் உணவு, உணவுமுறை என்றே இருக்கட்டும். கிண்ணத்தில் அளந்து போடுவதைத் தீனி என்றால்தான் வளர்ப்பவர் பேச்சோடு ஒட்டும். தீவனம் மட்டும் வேண்டாம், அது மாட்டுத்தொட்டிக்கு உரியது.

ஒரு நாள் கழித்து எழுதுகிறேன். நேற்றைய மடலுக்கு வந்த மறுப்புகளில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லவேண்டும்.

> நின்றுகாட்டி ஐந்தெழுத்தைத் தாண்டுகிறது. நிலைநாய் கச்சிதம். அதோடு, தீனிக்கும் நிற்பதற்கும் என்ன தொடர்பு என்று இத்தனை நீளமாக எழுதினீர்கள்?

நிலை என்பது வீட்டு வாசற்கால். நிலைநாய் என்றால் வாசலில் காவல் படுத்திருக்கும் நாய்தான் எனக்குத் தெரிகிறது. நிலைமை, படிநிலை, நிலையானது என்று வேறு பொருள்களும் முண்டியடிக்கும். ஓரெழுத்து இரண்டெழுத்து கூடினால் பரவாயில்லை, கேட்டதும் காட்சி வரவேண்டும்.

தொடர்பு நிறையவே இருக்கிறது. களைத்த நாய் வாயைப் பிளந்து மூச்சிரைக்கும். இரைக்கும் நாயால் சரியாக முகர முடியாது. காலையில் கூம்பின் ஓரத்திலேயே நின்ற அதே நாய், பிற்பகலில் பறவையின்மேல் ஏறிப்போய்க் கலைத்துவிடும். அதைப் பிடிவாதம் என்று நினைத்து அதட்டுகிறவர்கள் உண்டு. சில நேரம் அதற்கு வேண்டியது ஓய்வும் தண்ணீரும், முந்தின வாரங்களில் கிடைத்திருக்கவேண்டிய நல்ல தீனியும்தான். கையேட்டில் நிற்பு கெடுவதைப் பற்றிய பகுதி பயிற்சி அத்தியாயத்தில் மட்டும் இருக்கிறது. தீனி அத்தியாயத்திலும் ஒரு பத்தி சேர்க்க முடியுமா என்று அம்மாதான் சொல்லவேண்டும்.

ஒரு சொல் இன்னும் மிச்சம். ஃபெசன்ட் போன்றவை பதுங்கியே இராமல், நாய் நிற்கும்போதே தரையில் ஓடி நழுவிவிடும். நாய் நிற்பை விட்டு, மெல்லப் பின்தொடர்ந்து, மறுபடி நிற்கும். ஆள் சொல்லாமல் தானாகச் செய்தாலும் இது குற்றமல்ல, திறமை. ‘மறுநிற்பு’ என்று எழுதிப் பார்த்தேன், இடையில் இருக்கும் அந்த மெல்லிய நகர்வு அதில் விட்டுப்போகிறது. ‘தொடர்நிற்பு’ என்றால் விடாமல் நிற்பதுபோல் ஆகிறது. யாருக்காவது நல்லது தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.