கேஷ்பேக் கார்டு: மளிகை, பெட்ரோலுக்குக் கட்டுபடியாகுங்களா?

ஈரோட்டுக்காரன்: மளிகை, பெட்ரோல், கரண்டு பில்லுன்னு மாசம் 15,000 ரூபாய் ஆகுதுங்க. செலவுல 1% திருப்பித் தர்ற கேஷ்பேக் கிரெடிட் கார்டு வாங்கலாமுங்களா?

பொள்ளாச்சி: மாசாமாசம் கார்டு பில்லை முழுசும் கட்டுவீங்கன்னா வாங்குங்க, 150 வரும். மினிமம் டியூ, அதாவது பில்லுல போட்டிருக்கற குறைஞ்சபட்சத் தொகை மட்டும் கட்டினா, பொருள் வாங்கின நாள்லயிருந்தே வட்டி ஓடும். புதுசா வாங்கறதுக்கும் வட்டியில்லாத நாள் கிடையாது. மாசம் 3.5%னு வெச்சாலே 15,000 பாக்கிக்கு 525, அதுக்குமேல 18% ஜிஎஸ்டி 94.50. நூத்தம்பதுக்கு ஆசைப்பட்டு அறுநூறு போயிருமுங்க! பேங்க் கணக்குல இருந்து தானா பில் கட்டற ஆட்டோ டெபிட்ல 'டோட்டல் டியூ'ன்னு (முழு பாக்கி) போடுங்க; பலபேரு அங்கதான் கோட்டை விடறாங்க.

காங்கேயம்: பெட்ரோல், வாடகை, வாலட்டுக்கெல்லாம் நிறைய கார்டுல கேஷ்பேக் இல்லீங்க. விலக்குப் பட்டியலைப் படிச்சுப்போட்டு வாங்குங்க. ஏடிஎம்ல எடுத்தா அன்னிக்கே வட்டி.

ஈரோட்டுக்காரன்: சந்தையில காய்க்காரம்மாகிட்ட மெஷின் இல்லீங்களே?

பொள்ளாச்சி: ரூபே கிரெடிட் கார்டை யூபிஐல இணைச்சா கடை க்யூஆர்ல போகும். தனியாள் நம்பருக்குப் போகாதுங்க.