புதுப்பிப்பு: டாங்கிள் சூடானால் சிக்னல் நகர்வது, டிசிஎக்ஸ்ஓ (சூட்டுக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும் கடிகார ஆசிலேட்டர்) போட்ட பிறகு

முன்பு கேட்டது இது: ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிள் (கணினியின் யூஎஸ்பியில் செருகும் ரேடியோ ரிசீவர்) சூடாக ஆக, வாட்டர்ஃபாலில், அதாவது திரையில் ஓடும் அலைவரிசைப் படத்தில், சிக்னல் ஒரு பக்கமாக நகர்கிறது. பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பிழை) திருத்தம் போட்டும் ஏன் நிற்கவில்லை?

காரணம் உள்ளே இருக்கும் 28.8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்; சூட்டில் அதன் அலைவரிசை நகர்கிறது. அலைவரிசையைப் பிடிக்கும் ட்யூனர், சிக்னலைப் பிரித்தெடுக்கும் டிமாடுலேட்டர் இரண்டும் அதையே நம்பி ஓடுகின்றன. அலைவரிசை ஏற ஏறப் பிழையும் பெருகும்: 30 பிபிஎம் என்றால் ரெயின்போ எஃப்எம் 101.4-இல் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ், காதுக்குத் தெரியவே தெரியாது. 940 மெகாஹெர்ட்ஸில் 28 கிலோஹெர்ட்ஸ். பிபிஎம் எண் நிலையான பிழையை மட்டுமே கழிக்கும். சென்னை வெயிலில் மொட்டைமாடிப் பெட்டிக்குள் ஏறும் சூட்டுக்கு அது மருந்தல்ல.

வழி, கிரிஸ்டலுக்குப் பதில் 28.8 மெகாஹெர்ட்ஸ் டிசிஎக்ஸ்ஓ போடுவதுதான். கிரிஸ்டலையும் அதன் காலருகே கிரவுண்டுக்குப் போகும் இரண்டு சின்ன கெபாசிட்டர்களையும் எடுத்துவிடுங்கள். அந்தக் கெபாசிட்டர்களை அப்படியே விட்டுவைத்தால் கடிகார சிக்னல் வலுவிழக்கும். 3.3 வோல்ட் டிசிஎக்ஸ்ஓவின் வெளியீட்டை 1 நானோஃபாரட் கெபாசிட்டர் வழியாகக் கிரிஸ்டல் உள்ளீட்டுக் காலில் கொடுங்கள். நேரடியாக இணைத்தால் அந்தக் காலின் பயாஸ் (நிலையான டிசி வோல்டேஜ்) கெடும். டிசிஎக்ஸ்ஓவின் சப்ளைக் காலை ஒட்டியே 100 நானோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள். டிசிஎக்ஸ்ஓவை ரெகுலேட்டர் பக்கத்தில் மட்டும் ஒட்டாதீர்கள், அங்கேதான் கொதிக்கும்.

மென்பொருளில் பழைய பிபிஎம் எண்ணைப் பூஜ்யமாக்க மறக்க வேண்டாம். அரை மணி ஓடவிட்டு, ஜிஎஸ்எம் 900 மொபைல் டவரை வைத்து, காலிப்ரேட் ஆர்டிஎல் என்ற மென்பொருளில் மிச்சப் பிழையை அளந்து பாருங்கள்.

1.2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் சிக்னலே காணாமல் போனால் அது வேறு சங்கதி: சூட்டில் ட்யூனரின் பிஎல்எல் (கேட்ட அலைவரிசையை உருவாக்கிப் பிடித்து வைக்கும் சுற்று) லாக் விடுகிறது, அதாவது பிடியை இழக்கிறது. அதற்குத் தெர்மல் பேடும் அலுமினியப் பெட்டியும்தான் வழி.